அக்கா காப்பாற்றிய வாக்கு

திருவனந்தபுரம் கரமனையில் அக்கா வீட்டு வாசலில் டாக்சி நின்றபோது மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் தூங்கிய குழந்தைகள் அப்போதுதான் கண் விழித்திருந்தார்கள். அக்கிரகாரத்துத் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகள். எல்லா ஓடுகளிலிருந்தும் ஒரே சீராக நீர் சொட்டிக்கொண்டிருந்தது. யார் வீட்டிலோ தேங்காயெண்ணெயில் அப்பளம் பொரித்தார்கள்.

அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். விடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் தலைவாரி, பருத்திப் புடவைக்குக் கொசுவம் எடுத்துக் கட்டி, அலுவலகத்துக்குத் தயாராக இருந்தாள்.

என் மூன்று வயது மகன் ரோஹன் என் தோளில் இருந்தான். ஏழு வயது தாரா தானே கதவைத் திறந்துகொண்டு முதலில் இறங்கினாள். இறங்கி, செருப்புக் கால் ஈரத்தில் பட, அக்காவுக்கு எதிரில் போய் நின்றாள்.

அக்கா சற்றே குனிந்து கையை நீட்டினாள்.

"வா தாரா. சுகமா?"

தாரா அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். விமானத்தில் நான் சொல்லிக்கொடுத்தபடி, "ஹலோ பெரியம்மா" என்றாள்.

பார்த்துக்கொண்டு நின்ற மூன்று பேரும், நானும் என் கணவர் முரளியும் அக்காவின் கணவரான அத்திம்பேரும், முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஏனென்றால் தாராவை இரண்டு வருஷம் இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் அக்கா. அது தெரியாதவள் தாரா ஒருத்திதான்.

மூன்று மாதம் என்று சொல்லிவிட்டு

கிளாஸ்கோவில் நாங்கள் முதலில் குடியிருந்த ஒற்றை அறை வீட்டைப் பற்றிச் சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். ஜன்னல் ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்த அந்த அறைக்குத்தான் தாராவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தோம். நான் அப்போது ஆராய்ச்சி மாணவி. முரளிக்குக் கடல் நடுவே எண்ணெய்த் தளத்தில் வேலை. மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் வீட்டில்.

தாராவுக்குப் பத்து மாதம் ஆனபோது எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஒரு நாள் ஆய்வகத்தில் நின்றபடியே தூங்கிக் கண்ணாடிக் குடுவையை உடைத்தேன். அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து அழுதேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அக்காதான்.

"இங்க கொண்டுவந்து விடுடி. மூணு மாசம் நான் பாத்துக்கறேன். நீ படிப்பை முடி" என்றாள் அக்கா.

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

தாராவைக் கரமனையில் கொண்டுபோய் விட்டுவந்தேன். மூன்று மாதம் ஆறாயிற்று. அடுத்த மாதம் வருகிறேன், சோதனை முடிந்ததும் வருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம் சொன்னேன். எல்லாமே உண்மையான காரணங்கள்தான். ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. குழந்தை இல்லாத அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன். நன்றாக வேலை செய்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அக்கா தாராவை 'மோளே' என்று கூப்பிட்டாள். மலையாளத்தில் 'மகளே' என்று பொருள். திருவனந்தபுரத்தில் காய்காரி முதல் கண்டக்டர் வரை எந்தப் பெண் குழந்தையையும் அப்படித்தான் அழைப்பார்கள். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாரா பேசத் தொடங்கியதும் அக்காவை 'அம்மா' என்றாள். தினமும் திரையில் வரும் என்னை 'போன் அம்மா' என்றாள். அதற்கு எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து நான் போய் அவளைக் கூட்டி வந்தேன். கிளாஸ்கோவில் முதல் மாதம் முழுக்க அவள் அக்காவைத்தான் தேடினாள். வீடியோவில் அக்கா முகம் வந்தால் போன் திரையை நகத்தால் பிறாண்டி அழுவாள். கொஞ்ச நாள் கூப்பிடாமல் இருந்து பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

"குழந்தைக்கு எது நல்லதோ அது" என்றாள் அக்கா.

அந்தக் கொஞ்ச நாள் நாலு வருஷம் நீண்டது. நானும் அக்காவும் பேசிக்கொண்டோம், தாரா பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து. தாரா மறந்தாள். அழுகையை மறந்தாள், மலையாளத்தை மறந்தாள், கடைசியில் அக்காவையே மறந்தாள். அந்த வருஷங்களின் புகைப்படங்களை அவள் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன். நாங்கள் ஊருக்குப் போகாமலிருக்க ஒவ்வொரு வருஷமும் ஏதாவது வாய்த்தது. ரோஹன் பிறந்தது அதில் ஒன்று.

இந்த வருஷம் தாராவின் பள்ளிக் கோடை விடுமுறைக்கு டிக்கெட் எடுத்த பிறகு அக்காவிடம் ஒன்று கேட்டேன். தாராவிடம் எதுவும் சொல்லிவிடாதே, நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் வந்தது. அக்கா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"சொல்லமாட்டேன். நீ வெஷமிக்காதே" என்றாள். வருத்தப்படாதே என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

உயரமான படி

அக்கா வீடு ரயில்பெட்டி போல நீளமானது. முன்னறை, கூடம், சமையலறை, பிறகு கொல்லை. கூடத்திலிருந்து சமையலறைக்கு இறங்க நாலு படிகள். அதில் மூன்றாவது படி மட்டும் மற்றவற்றைவிட நாலு விரல்கடை ஆழம். யார் கட்டினார்களோ, ஏன் அப்படிக் கட்டினார்களோ தெரியாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அங்கே தடுமாறுவார்கள்.

வந்த அன்றைக்கே முரளி தடுமாறிச் சுவரைப் பிடித்தார். ரோஹன் விழுந்தே விட்டான். அவனைத் தூக்கப் போன எனக்கே, அந்த வீட்டில் எத்தனையோ தடவை இருந்தவளுக்கே, கால் இடறியது.

அப்போது தாரா பின்னாலிருந்து வந்தாள். ரோஹனைப் பார்த்துக்கொண்டே, காலைப் பார்க்காமல், மூன்றாவது படிக்கு மட்டும் சரியாக ஒரு சின்னக் குதி குதித்து இறங்கினாள்.

சமையலறை வாசலில் நின்ற அக்கா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அக்கா சட்டென்று உள்ளே திரும்பிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு வந்த நாட்கள் எல்லாம் ஒரு மயக்கத்தில் போயின. ஆடி மாத மழை. வானம் காலையா மாலையா என்று சொல்ல முடியாத ஒரே சாம்பல் நிறம். உடம்பு இன்னும் ஸ்காட்லாந்து நேரத்திலேயே இருந்ததால் மத்தியானங்களில் நாங்கள் நாலு பேரும் கூடத்துச் சிமெண்டுத் தரையில் வரிசையாகத் தூங்கினோம். விழித்தால் மழைச் சத்தம். மறுபடி தூங்கி விழித்தாலும் மழைச் சத்தம். காயாத துணிகளின் வாசனையும் பழுத்த கதலி வாழையின் வாசனையும் வீடெல்லாம் நிறைந்திருந்தன. வெயில் எட்டிப் பார்த்த சாயங்காலங்களில் அத்திம்பேர் குழந்தைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். கரமனையாறு செம்மண் நிறத்தில் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். அதன் மேல் வாழைத்தண்டோ தேங்காய் மட்டையோ மிதந்து போனால் ரோஹன் கை காட்டி வழியனுப்புவான்.

அக்கா மட்டும் அந்த மயக்கத்துக்குள் வரவில்லை. காலை ஒன்பது மணிக்குக் குடையும் சாப்பாட்டுப் பையுமாகப் பஸ் ஏறினாள். அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஒன்றுக்குப் பொறுப்பாளர். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பினாள். வந்ததும் ரோஹனை இடுப்பில் தூக்கிக்கொள்வாள், குளிப்பாட்டுவாள், சோறு ஊட்டுவாள். தாராவுக்கு நேந்திரங்காய் வறுவல் வாங்கி வருவாள். அதைத் தட்டில் போட்டு மேஜையில் வைப்பாள். கையில் கொடுக்க மாட்டாள். நான் கவனித்தேன். முதல் நாள் குலுக்கிய அந்தக் கையைத் தவிர அவள் தாராவைத் தொடவே இல்லை.

தாராவும் கவனித்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அத்திம்பேர் சொன்னது

அத்திம்பேர் கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். சமையலில் பாதி அவர் கை.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம், குழந்தைகள் தூங்கும்போது, அவர் கொல்லைப்புறம் உட்கார்ந்து சேனைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அக்கா லீவு போட்டிருக்கலாமே, நாலு வருஷம் கழித்து வந்திருக்கிறோம், ஞாயிறு தவிர ஒரு நாள்கூட வீட்டில் இருக்கவில்லையே என்று சற்று மனத்தாங்கலாகவே கேட்டேன்.

அவர் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"லீவு எழுதிக் குடுத்திருந்தா. நாலு வாரமும். சாங்ஷனும் ஆச்சு. நீ போன் பண்ணினியோல்லியோ, அதுக்கு மறுநாள் போய் கேன்சல் பண்ணிட்டு வந்தா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாள் முழுக்க ஆத்துல இருந்தா வாய் தவறிடும்னு பயமாக்கும் அவளுக்கு. தொட்டா கையே காட்டிக் குடுத்துடும்பா. நான் ஒண்ணும் கேக்கலை." மறுபடி கத்தியை எடுத்தார். "நீ வெஷமிக்கணும்னு சொல்லலை. நீ கேட்டே, நான் சொன்னேன்."

அன்றே தாராவிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்று சொல்வேன், நாளை சொல்வேன் என்று மேலும் நாலு நாள் ஓட்டினேன். நான் எதற்குப் பயந்தேன் என்பது எனக்குத் தெளிவாகவே தெரியும். உண்மை தெரிந்தால் தாரா எங்களில் யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்றுதான்.

பொன்முடியில் மூடுபனி

ஞாயிற்றுக்கிழமை அத்திம்பேர் ஒரு வண்டி ஏற்பாடு செய்தார். ஏழு பேர் உட்காரும் வண்டி. அக்காவுக்கும் அன்று விடுமுறை, தப்பிக்க வழியில்லை.

பொன்முடிக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் எழுதி வைத்திருப்பார்கள். தாரா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஏழாவதில் ரோஹன் வாந்தி எடுத்தான். பன்னிரண்டாவதில் மறுபடியும். அதற்கு மேல் எண்கள் தெரியவில்லை. மேகம் சாலைக்கே இறங்கி வந்துவிட்டது. தேயிலைச் செடிகள் கொஞ்ச நேரம் தெரியும், பிறகு அழிந்துவிடும். தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் தகரக் கூரைகள் மட்டும் வெள்ளையில் மிதந்துகொண்டு எங்களைக் கடந்து போயின.

உச்சியில் இறங்கியபோது பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. முரளி ரோஹனுக்குச் சட்டை மாற்ற வண்டியிலேயே இருந்துகொண்டார். அத்திம்பேர் சூடாக டீ கிடைக்குமா என்று பார்க்கப் போனார். தாரா புல்வெளியில் ஓடினாள். "தனியா விடாதேடி" என்று சொல்லிக்கொண்டே அக்கா அவள் பின்னால் போனாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்து நிமிர்வதற்குள் இரண்டு பேரும் மறைந்துவிட்டார்கள்.

நான் குத்துமதிப்பாக நடந்தேன். புல் கணுக்காலை நனைத்தது. பக்கத்தில்தான் எங்கோ தாராவின் குரல் கேட்டது.

"பெரியம்மா, உங்களுக்கு என்னைப் பிடிக்காதா?"

நான் நின்றுவிட்டேன்.

"ஏன் பிடிக்காம? பிடிக்குமே" என்றது அக்காவின் குரல்.

"ரோஹனை மட்டும்தான் தூக்கறேள். வண்டிலேர்ந்து இறங்கறச்சே அவன் கையைப் பிடிச்சேள். என் கையைப் பிடிக்கலை."

 காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு, தாரா" என்றாள் கடைசியில்.

"எங்கிட்டயா?"

 அக்கா பொய்யும் சொல்லவில்லை, எனக்குக் கொடுத்த வாக்கையும் மீறவில்லை. இரண்டுக்கும் நடுவே அந்தப் பனியில் மாட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் மூச்சுகூடக் கேட்டது.

நான் குரல் வந்த பக்கம் நடந்தேன். நாலைந்து அடியிலேயே இருந்தார்கள். தாராவின் முன்னால் ஈரப் புல்லில் மண்டியிட்டு, எப்படியெல்லாமோ ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, நேராகச் சொன்னேன். நீ குழந்தையாக இருந்தபோது இரண்டு வருஷம் பெரியம்மாவிடம்தான் இருந்தாய், இவர்களைத்தான் அம்மா என்று கூப்பிட்டாய், நான் கிளாஸ்கோவில் இருந்தேன், இதை உன்னிடம் மறைத்தது நான், சொல்லக் கூடாது என்று பெரியம்மாவைத் தடுத்ததும் நான்.

தாரா அழுவாள் என்று நினைத்தேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கணக்கு வகுப்பில் கேட்பது போலக் கேட்டாள்.

"நான் ரொம்பப் படுத்தினேனா? அதான் குடுத்துட்டியா?"

இல்லை என்றேன். படிப்பையும் உன்னையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை என்றேன். 

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

"அப்போ நீங்க ஏன் என்னைத் திருப்பிக் குடுத்தேள்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அக்காவிடம் கேட்காத கேள்வி அது.

அக்கா புடவை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் புல்லில் உட்கார்ந்தாள். இப்போது தாராவின் முகமும் அவள் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"நீ உங்கம்மாவோட குழந்தையாக்கும். அவ வந்து கேட்டா, குடுத்தேன். இஷ்டப்பட்டுக் குடுக்கலை, கேட்டியா. ஆனா குடுத்தேன்."

தாரா ஒரு புல்லைப் பிய்த்தாள். சற்றுப் பொறுத்து, "அப்போல்லாம் என்னை என்னன்னு கூப்பிடுவேள்?" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். என் அக்கா, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், என் அனுமதிக்காகக் காத்திருந்தாள். நான் தலையசைத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டு நான் எதற்கும் தலையசைத்ததில்லை.

"மோளே" என்றாள் அக்கா. 

தாரா அந்தச் சொல்லைக் காதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்ப்பவள் போல நின்றாள். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அக்காவின் கை அவள் முதுகின் மேல் வந்தது.

தேஷ்யம்

இறங்கும் வழியில் தாரா அக்காவின் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். என்னிடம் பேசவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் பேசவில்லை. வேண்டியதை முரளியிடமோ அக்காவிடமோ கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை, நான் தலை பின்னிவிடக் கூப்பிட்டபோது, "நீ எங்கிட்ட சொல்லவே இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சீப்பை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனாள். விட்டுவிட்டுப் போனதைவிட மறைத்ததுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது.

திங்கட்கிழமை அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்து, நாங்கள் கிளம்பும் வரை லீவு சொல்லிவிட்டாள்.

அன்று சமையலறையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய முகத்தைத் தாராவின் கண்ணில் படாமல் நாலு வருஷம் மறைத்ததற்கு. அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மூடி முழுக்கத் துருவி முடித்தாள்.

"நல்ல தேஷ்யம் இருந்தது உம்மேல. சாமி முன்னால நிக்கறச்சேகூட உன் மொகந்தான் வரும், எரிச்சலா வரும்." கோபத்துக்கு அவள் எப்போதும் மலையாளச் சொல்லைத்தான் சொல்வாள். "இப்போ கொறஞ்சிருக்கு. முழுசும் தீரலை. பொய் சொல்லமாட்டேன்."

பிறகு துருவலில் கொஞ்சம் எடுத்து, சின்ன வயதில் செய்வது போல, என் உள்ளங்கையில் வைத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நல்ல மழை. நான் கூடத்தில் பெட்டியில் கலைந்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தாரா வந்து எதிரில் நின்றாள்.

"ஒரு வயசுல நான் எப்படி இருந்தேன்?"

என்னிடம்தான் கேட்டாள். மூன்று நாளில் அவளாக வந்து பேசிய முதல் பேச்சு. எதையாவது சொல்லி அவளைப் பக்கத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.  அவள் முதல் அடி எடுத்து வைத்தது எந்த அறையில்? சோறு என்றால் ஓடினாளா, வந்தாளா? எதைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்? திரையில் பார்த்த சில நிமிஷங்கள் தவிர எனக்கு எதுவும் தெரியாது. அக்காவிடம் கேட்டதும் இல்லை. கேட்டால் நான் தவறவிட்டது என்னவென்று தெரிந்துபோகுமே.

"எனக்குத் தெரியாது, தாரா. நான் அப்போ உன்கூட இல்லை" என்றேன்.

அவள் அதற்குக் கோபப்படவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அக்கா உள்ளறையில் மின்விசிறிக் காற்றில் காயவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தாரா என்னைத் தரையில் உட்கார வைத்து, எங்கள் இருவருக்கும் நடுவில் தானும் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, ரெண்டு பேருக்கும் சொல்லுங்கோ. முதல்லேர்ந்து."

அக்கா மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"முதல் நாள் நீ அழவே இல்லை. உங்கம்மாதான் அழுதா" என்று ஆரம்பித்தாள். "வாசல்ல ஆட்டோ நிக்கறது, ஏறமாட்டேங்கறா. மூணு தடவை உள்ள வந்து வந்து உன்னைத் தூக்கினா."

அது எனக்கே மறந்துபோயிருந்தது.